நாலு ஸ்கூப்

அப்பாவின் சர்க்கரைக் கணக்கு எழுதிய நோட்டு ஒன்று என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. தூக்கிப் போட மனம் வரவில்லை, எடுத்துப் புரட்டவும் பிடிக்கவில்லை. அதில் ஐந்து வாரத்துப் பக்கங்களில் எண்களுக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் டிக் அடித்திருப்பேன். 141, ஒரு டிக். 133, ஒரு டிக். 118, இரண்டு டிக். பரீட்சைத் தாள் திருத்துவது போல. அந்த டிக்குகளை எல்லாம் நான் எப்படிச் சம்பாதித்தேன் என்று இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

பக்கவாதம் வந்து அப்பாவுக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது, விழுங்கவும் முடியவில்லை. மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய். அதற்கு முன்பே இருபது வருடச் சர்க்கரைக்காரர், இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவர். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரும்போது கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். ஒரு வேளைக்கு ஏழு ஸ்கூப் பவுடர், இவ்வளவு தண்ணீர், நாளைக்கு ஆறு வேளை, 1500 கலோரி. அப்போது கொடுத்துக்கொண்டிருந்தது சாதாரண ஊட்டச்சத்து பவுடர். சுகர் 280, 300 என்று நின்றது. பத்து நாள் கழித்து டாக்டர், 'நீரிழிவு உள்ளவர்களுக்கு' என்று டப்பாவிலேயே அச்சடித்திருக்கும் வேறொரு பவுடருக்கு மாற்றச் சொன்னார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. இதை முதலிலேயே கொடுத்திருக்கலாமே என்று மனசுக்குள் அவரைத் திட்டவும் செய்தேன்.

மாற்றினோம். சுகர் இறங்கியது, 240க்கு. இரண்டு நாளில் 225. அப்புறம் அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

டப்பாவைப் பார்த்துக் கோபம் வந்தது. சர்க்கரைக்காரர்களுக்கு என்று எழுதியிருக்கிறதே, பின்னே ஏன் இறங்க மாட்டேன் என்கிறது? அந்தச் சொற்களை நான் மருந்துச் சீட்டு மாதிரி படித்திருந்தேன் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. இது சர்க்கரையைக் குறைக்கும் பவுடர் என்று நினைத்துவிட்டேன். மற்றதைவிடச் சர்க்கரையைக் கொஞ்சம் குறைவாக ஏற்றும் உணவு, அவ்வளவுதான் அது. கேட்க ஒரே விஷயம் போலத் தோன்றினாலும், அந்த வித்தியாசத்துக்குள் விழுந்துதான் நான் மூக்கை உடைத்துக்கொண்டேன்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது

பிற்பாடு உட்கார்ந்து இரண்டு டப்பாக்களின் பின்பக்கத்தையும் ஒப்பிட்டேன். சாதாரண பவுடரில் கலோரியில் பாதிக்கு மேல் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அந்த மாவுச்சத்தும் பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின். ஸ்டார்ச்சைச் சின்னத் துண்டுகளாக உடைத்து வைத்த பொருள் அது. நாக்கில் அவ்வளவாக இனிக்காது, லேபிளில் 'சர்க்கரை' என்ற வரியில் பெரும்பகுதி கணக்கில் வராது. ஆனால் குடலுக்குள் போனால் குளுக்கோஸ் போலவே வேகமாக ரத்தத்தில் ஏறும். 'சர்க்கரை சேர்க்கப்படாதது' என்று எழுதியிருக்கும் டப்பாவை வாங்கிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது சர்க்கரை வரியை அல்ல, அதற்கு மேலே இருக்கும் மொத்த மாவுச்சத்து வரியை.

நீரிழிவுக்கான பவுடரில் மாவுச்சத்தின் பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் கொழுப்பை வைக்கிறார்கள். அதிலும் ஆலிவ் எண்ணெயில் இருக்கிற மாதிரி ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு. கொழுப்பு வயிற்றைச் சீக்கிரம் காலியாக விடாது. அதனால் மாவுச்சத்து குடலுக்கு ஒரேயடியாகப் போகாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். நார்ச்சத்தும் சேர்க்கிறார்கள். மாவுச்சத்திலும் மெதுவாக உடைகிற வகையைப் போடுகிறார்கள். அப்பாவின் டப்பாவில் ஐசோமால்டுலோஸ் என்று ஒன்று இருந்தது. பேரைப் பார்த்து ஏதோ புதுக் கண்டுபிடிப்பு என்று நினைத்தேன். சாதாரணச் சர்க்கரையில் இருக்கும் அதே குளுக்கோஸ், அதே ஃபிரக்டோஸ்தான் அதிலும். இரண்டும் ஒட்டியிருக்கும் இடம் மட்டும் வேறு. அந்த ஒட்டைப் பிரிக்கக் குடலில் இருக்கும் நொதிக்கு அதிக நேரம் பிடிக்கிறது. தேனிலும் இது கொஞ்சம் இருக்கிறதாம். ஆனால் கிராமுக்கு நாலு கலோரி என்பதில் மாற்றமில்லை. கடைசியில் எல்லாம் ரத்தத்துக்குத்தான் வந்து சேரும், ஓடி வராமல் நடந்து வரும்.

எண்ணாகச் சொன்னால், ஏழு ஸ்கூப்பில் சாதாரண பவுடர் என்றால் சுமார் 33 கிராம் மாவுச்சத்து, இதில் 27. ஒரு நாளைக்கு 200 கிராமுக்குப் பதில் 160. குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் 160 கிராம் மாவுச்சத்துக்கு வேண்டிய இன்சுலினை யாராவது கொடுத்தே ஆக வேண்டும். அப்பாவின் கணையம் அந்த வேலையை விட்டுப் பல வருடமாகிறது. 2005ல் இத்தகைய பவுடர்களைப் பற்றிய 23 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய ஒரு கட்டுரை வந்தது. அதன்படி, சாதாரண வகையைவிட இந்த வகையில் உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை சராசரியாக 1.03 மில்லிமோல் குறைவு. நம் மீட்டர் கணக்கில் 18, 19 புள்ளி. அது நல்ல விஷயம்தான். ஆனால் நான் டப்பாவிடம் எதிர்பார்த்தது நூறு புள்ளி.

நான் செய்த காரியம்

இன்சுலினைக் கூட்டலாம் என்றார் டாக்டர், கூட்டினார். எனக்குப் பொறுமை இல்லை. இன்சுலின் யூனிட் ஏற ஏற நோய் முற்றுகிறது என்று ஒரு பழைய பயம் எனக்கும் உண்டு. படித்தவனுக்கு இருக்கக் கூடாத பயம், ஆனாலும் இருந்தது. ஒரு நாள் மதிய ஃபீடுக்கு ஆறு ஸ்கூப் போட்டேன். தண்ணீர் அதே அளவு. அடுத்த சுகர் கொஞ்சம் இறங்கியிருந்தது. மறுநாள் ஐந்து. வார முடிவில் நாலு. தண்ணீரைக் குறைக்காததால் சிரிஞ்சில் அளவு அதேதான் தெரியும். பால் மாதிரி கெட்டியாக இருந்தது நீர்மோர் மாதிரி ஆகியிருந்தது, அவ்வளவே. கலக்குகிற வேலை என்னுடையது என்பதால் அக்காவுக்குத் தெரிய வழியில்லை என்று நினைத்தேன்.

சுகர் 150க்கு வந்தது. 140க்கு வந்தது. சிவப்புப் பேனா அப்போதுதான் வெளியே வந்தது. அக்கா நோட்டைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையேடா, நீ பார்த்துக்கிட்டா கன்ட்ரோலா இருக்கு" என்றாள். அந்த வாக்கியத்துக்காக இன்னும் ஒரு ஸ்கூப் குறைத்திருப்பேன், உண்மையைச் சொன்னால். டாக்டர் எங்களுக்கு வைத்த இலக்கு 140க்கும் 180க்கும் நடுவே. எனக்கு அது போதவில்லை. ஆரோக்கியமானவர்களுக்கு வெறும் வயிற்றில் நூறுக்குள் இருக்க வேண்டும் என்று எங்கேயோ படித்தது மண்டையில் உட்கார்ந்திருந்தது. டாக்டர் சோம்பேறித்தனமாக இலக்கு வைத்திருக்கிறார் என்றே நினைத்தேன்.

அந்த இலக்குக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 2001ல் பெல்ஜியத்தின் லூவன் நகரிலிருந்து வந்த ஓர் ஆய்வு, தீவிர சிகிச்சைப் பிரிவில் சுகரை 80க்கும் 110க்கும் இடையில் இறுக்கிப் பிடித்தால் உயிரிழப்பு குறைகிறது என்றது. உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. 2009ல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து 'நைஸ் சுகர்' என்ற பெரிய ஆய்வு வந்தது. அதில் இறுக்கிப் பிடித்த பக்கம் 90 நாளுக்குள் இறந்தவர்கள் 27.5 சதவீதம், 180க்குக் கீழே இருந்தால் போதும் என்று விட்ட பக்கம் 24.9 சதவீதம். அபாயகரமான லோ சுகர், இறுக்கிய பக்கம் 6.8 சதவீதம், மறுபக்கம் 0.5. அது தீவிர சிகிச்சைப் பிரிவுக் கணக்கு, வீட்டுக் கட்டிலுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் இறுக்குவதில் இருக்கும் ஆபத்து எந்தக் கட்டிலுக்கும் உண்டு. அந்தச் சோம்பேறி இலக்கு எத்தனை பேரை எண்ணிய பிறகு வந்தது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

நாலாவது வாரம், விடியற்காலை மூன்றே கால். தண்ணீர் குடிக்க எழுந்தவன் அப்பாவின் நெற்றியைச் சும்மா தொட்டுப் பார்த்தேன். சட்டை, தலையணை எல்லாம் நனைந்திருந்தது. பேச்சு வராத மனிதர், "தலை சுத்துது, படபடன்னு வருது" என்று எப்படிச் சொல்வார்? கண் மட்டும் திறந்திருந்தது. மீட்டர் 52 காட்டியது. கடைசி ஃபீட் இரவு பத்து மணிக்கு, அதுவும் நீர்மோர். அதே நேரம் போட்ட நீண்ட நேர இன்சுலினோ ஏழு ஸ்கூப்பை நம்பிக் கணக்குப் போட்டது. கை நடுக்கத்தில் நான் எடுத்தது எதை? அந்த நீரிழிவு டப்பாவைத்தான். அவசரமாகக் கலக்கி ஊற்றினேன். கால் மணி நேரம் கழித்து 55. மெதுவாக ஏற வேண்டும் என்பதற்காகவே செய்த பவுடரை, வேகமாக ஏற்ற வேண்டிய நேரத்தில் கொடுத்திருக்கிறேன்! போனில் பிடித்த நர்ஸ், "அதை வைங்க, குளுக்கோஸ் 15 கிராம் தண்ணில கரைச்சுக் குழாய்ல விடுங்க, பதினஞ்சு நிமிஷத்துல திரும்பப் பாருங்க" என்றார். 91 வந்தது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இதற்குப் பிறகாவது புத்தி வந்திருக்க வேண்டும் இல்லையா? வரவில்லை. காலையில் டாக்டரிடம் லோ சுகர் ஆனதைச் சொன்னேன், ஸ்கூப்பைச் சொல்லவில்லை. அவர் நான் கொடுத்த பாதி உண்மையை வைத்துக்கொண்டு இன்சுலினைக் குறைத்தார். அவர் கணக்கில் அப்பா 1500 கலோரி சாப்பிட்டுக்கொண்டு, திடீரென்று இன்சுலின் குறைவாகத் தேவைப்படும் ஒரு நல்ல நோயாளி. நான் அதிலும் சந்தோஷப்பட்டேன். இன்சுலின் குறைகிறதே!

டப்பா எத்தனை நாள் வருது

முதுகுத் தண்டின் அடியில் அப்பாவுக்கு ஒரு படுக்கைப் புண். மருத்துவமனையிலேயே ஆரம்பித்தது, சின்னதுதான். கட்டு மாற்ற வந்த செவிலியர் மூன்று வாரமாக, "ஆறவே மாட்டேங்குதே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சர்க்கரை இருந்தால் புண் ஆறாது என்பதுதான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே மருத்துவ அறிவு. அதனால் சுகரை இன்னும் இறக்க வேண்டும் என்று நான் முடிவுக்கு வந்திருந்தேன். அந்தச் செவிலியரே ஒரு டயட்டீஷியனைப் பார்க்கச் சொன்னார். சக்கர நாற்காலியில் கூட்டிப்போனோம்.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. நான் பெருமையாக நோட்டை நீட்டினேன். புரட்டினார். எண்களைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. "எடை எழுதலையா சார்?" என்றார். நாளைக்கு ஐந்து தடவை விரலைக் குத்தி எண் எழுதியவன், ஒரு தடவைகூட எடை பார்க்கவில்லை. படுத்தே இருப்பவரை எப்படிப் பார்ப்பது என்று சமாளித்தேன். நாற்காலியோடு ஏற்றும் தராசு அவரிடம் இருந்தது. ஏற்றி, நாற்காலியின் எடையைக் கழித்தார். வீட்டுக்கு வந்தபோது 58 கிலோ, இப்போது 53.8.

அவர் அடுத்து கேட்டதுதான் இன்றைக்கும் காதில் இருக்கிறது. 'எத்தனை ஸ்கூப் போடுறீங்க' என்று கேட்டிருந்தால் ஏழு என்று சொல்லியிருப்பேன், கண்ணைப் பார்த்தே சொல்லியிருப்பேன். அவர் அதைக் கேட்கவில்லை. ஏதோ வீட்டு விசேஷம் விசாரிப்பது போல, "ஒரு கிலோ டப்பா எத்தனை நாள் வருது சார்?" என்றார்.

"அஞ்சு நாள் வருதுங்க" என்றேன்.

பேனாவை எடுத்து மேசையில் கிடந்த தாளில் ஒரு சின்னக் கணக்குப் போட்டார். "மூணு நாள்ல தீரணுமே" என்றார். குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அக்கா அப்பாவின் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அறையில் இருந்த மூன்று பேரில் யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் அந்தத் தாளையே பார்த்தேன். ஐந்து நாளுக்கு ஆயிரம் கிராம் என்றால் நாளைக்கு 200. தலைகீழாகப் போட்டாலும் நாலு ஸ்கூப்தான் வரும். அக்காவை மருந்து வாங்கிவர அனுப்பிவிட்டுச் சொன்னேன். சுகர் ஏறுதேன்னு கொஞ்சம் குறைச்சேங்க.

அவர் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "நிறைய பேர் செய்றாங்க சார்" என்றார். பிறகு தாளைத் திருப்பி எனக்கும் தெரியும்படி வைத்து எழுதினார். ஏழு ஸ்கூப் என்றால் ஒரு நாளில் புரதம் 69 கிராம், நான் கொடுத்தது 39. புண் உள்ளவருக்கு கிலோவுக்கு 1.25 கிராமுக்குக் குறையாமல் வேண்டும், அப்பாவின் பழைய எடைக்கு 70ஐ ஒட்டி. புண்ணை மூடுவதற்குச் செங்கல்லே போகவில்லை, சுவர் எப்படி எழும்பும்? கலோரி 1500க்குப் பதிலாக 860. "சுகர் கன்ட்ரோல்ல இல்லை சார். சாப்பாடு போகலை, அதான் சுகர் ஏறலை" என்றார். என் ஐந்து வாரத்து டிக் எல்லாவற்றையும் இந்த ஒரு வரியில் அடித்துவிட்டார்.

அந்த 860 என்ற எண் பிறகும் என்னை விடவில்லை. வேறெங்கோ பார்த்த எண் அது. பிரிட்டனில் நடந்த 'டைரெக்ட்' ஆய்வில், 2017ல் முதல் முடிவு வந்தது, மூன்று முதல் ஐந்து மாதம் சாப்பாட்டுக்குப் பதிலாக பவுடர் கரைசல் மட்டும் கொடுத்தார்கள். நாளைக்கு 825 முதல் 853 கலோரி. ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலே நீரிழிவு பின்வாங்கியிருந்தது. நான் அப்பாவுக்குக் கொடுத்ததும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் அந்த ஆய்வில் சேர்த்தவர்கள் 65 வயதுக்கு மேற்படாதவர்கள், உடல் பருத்தவர்கள், நீரிழிவு வந்து ஆறு வருடத்துக்குள் இருப்பவர்கள், இன்சுலின் போடாதவர்கள். அவர்கள் உடலில் குறைப்பதற்குக் கொழுப்பு இருந்தது. அப்பாவிடம் இருந்ததெல்லாம் தசைதான். இன்னொரு வேடிக்கை, அந்த ஆய்வில் கொடுத்த கரைசலில் கலோரியில் 59 சதவீதம் மாவுச்சத்து. நீரிழிவுக்கென்று தனியாகச் செய்யும் பவுடர்களைவிட மிக அதிகம். யாருக்கு, எவ்வளவு, எதற்காக என்பதை விட்டுவிட்டு டப்பாவின் பேரை மட்டும் பார்த்தால் இந்தக் கணக்கு பிடிபடவே பிடிபடாது.

உடனே ஏழு ஸ்கூப்புக்குத் தாவ அவர் விடவில்லை. பட்டினியிலிருந்து வருகிறவருக்கு ஒரேயடியாக உணவை ஏற்றினால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் எல்லாம் சரிந்து ஆபத்தாகிவிடுமாம். ரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்து ஒரு வாரத்தில் ஏற்றினோம். பட்டினி என்ற சொல்லை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். டாக்டருக்கு அவரே போன் செய்து பேசினார். இன்சுலினை மாவுச்சத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். 10 முதல் 15 கிராமுக்கு ஒரு யூனிட் என்று தொடங்கி, மீட்டரைப் பார்த்துச் சரிசெய்துகொண்டு போவது. குழாய் அடைத்தாலோ, வாந்தி வந்தாலோ, ஸ்கேனுக்காக ஃபீடை நிறுத்தச் சொன்னாலோ அந்த வேளை இன்சுலினைப் போடாமல் முதலில் போன் செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி கட்டிலுக்கு மேலே ஒட்டினேன். போட்ட பிறகு ஃபீட் நின்றால் என்ன செய்வது என்பதும் அதே தாளில் இருக்கிறது. குளுக்கோஸ் பாக்கெட் தாளுக்குக் கீழேயே தொங்குகிறது, டப்பாவுக்குப் பக்கத்தில் இல்லை.

இன்சுலின் யூனிட் முன்பைவிட அதிகம் இப்போது. சுகர் 160, 175, சில நாள் 190. என் கண்ணுக்கு அசிங்கமான எண்கள். புண் மூட இரண்டரை மாதமானது. செவிலியர் கடைசிக் கட்டைப் பிரித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ரோஸ் நிறத்தில் புதுத் தோல். புது நோட்டு போட்டிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைதோறும் எடைக்கு ஒரு வரி. சிவப்புப் பேனா இல்லை.

போன மாதத்திலிருந்து அப்பா கொஞ்சம் கொஞ்சமாக வாய் வழியாக விழுங்கப் பழகுகிறார். தண்ணீர் புரையேறாமல் இருக்கக் கெட்டிப்படுத்தும் மாவு ஒன்று கொடுத்தார்கள். டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். ஸ்டார்ச். அதிலும் மாவுச்சத்து. கணக்கில் சேர்த்துக்கொண்டேன், தண்ணீர் கொடுப்பதை நிறுத்தவில்லை.

இப்போதெல்லாம் காலை ஃபீடை அக்காதான் கலக்குகிறாள். எப்போது, ஏன் அவள் கைக்கு அந்த வேலை போனது என்று எனக்கு நினைவில்லை, நான் கேட்கவும் இல்லை. சமையலறையிலிருந்து அவள் எண்ணுவது கூடத்துக்குக் கேட்கும். ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் ஆரம்பிப்பாள். கடைசி மூன்றை மட்டும் சத்தமாகச் சொல்வாள். அஞ்சு. ஆறு. ஏழு.